வலக்கைக்குச் செய்த மேசை

சாலிம் அர்பாப் துப்பாக்கியைத் தொடவே இல்லை.

நான் செய்த மேசையின்மேல் இரண்டு மணல் பைகள் இருந்தன. அவற்றின்மேல் துப்பாக்கி. எதிரே மலையடிவாரத்தில் வெள்ளை பூசிய இரும்புத் தகடு ஒன்றை நட்டிருந்தார்கள். பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடி அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமா பக்கம், மலைகள் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்த மைதானம். குளிர்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஜும்மாவும் சாப்பாடும் முடிந்தபிறகு அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் அங்கே கூடுவார்கள். ஆளுக்கொரு பழைய துப்பாக்கி, எல்லாம் போலீசில் பதிந்தவை. கம்பளம் விரித்துக் குப்புறப் படுத்துச் சுடுவார்கள். தகட்டில் பட்டால் கோயில் சேமக்கலத்தைத் தட்டினாற்போல ஒரு சத்தம் வரும். யாரும் கைதட்ட மாட்டார்கள். தலையை ஆட்டிவிட்டு அடுத்தவருக்கு இடம் விடுவார்கள்.

அன்று மற்றவர்கள் எல்லோரும் சுட்டு முடித்துவிட்டு இவருக்காகக் காத்திருந்தார்கள். அவருடைய மகன் காலித் கொஞ்சம் தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் பிக்கப் வண்டியோரம் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். என் பக்கத்தில் ஜமால் பாய்.

அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரு பேச்சு இருந்தது. அன்றைக்குப் பெரியவர் தானே சுட்டு, தகட்டில் பட்டுவிட்டால் துப்பாக்கி வீட்டில் இருக்கும். இல்லையென்றால் வாரம் தொடங்கியதும் அதைப் போலீசில் ஒப்படைத்துவிட வேண்டும். அது பெரியவருடைய அப்பா வைத்திருந்த துப்பாக்கி.

"என்னா முத்து, அவுக ஏன் சும்மா உக்காந்திருக்காக?" என்று பாய் என் காதில் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. மேசை ஆடவில்லை என்பது மட்டும் தெரியும்.

கடைவாசலில் ஒரு நாற்காலி

துபாயில், கராமாவில் நான் தங்கியிருந்த அறையைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், சத்வாவில், ஒரு தச்சுப் பட்டறையில் எனக்கு வேலை. பட்டறைக்கு ஆணி, திருகு, பசை எல்லாம் ஜமால் பாயின் ஹார்டுவேர் கடையிலிருந்துதான் வரும். பாய் கீழக்கரைக்காரர். நான் புதுக்கோட்டைப் பக்கம். துபாயில் அது கிட்டத்தட்ட ஒரே ஊர்தான்.

சாலிம் அர்பாப் அந்தக் கடையின் கஃபீல், அதாவது லைசென்ஸுக்குப் பெயர் கொடுக்கிற உள்ளூர்க்காரர். அர்பாப் என்றால் முதலாளி. கஃபீல் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட மட்டும் தலைகாட்டுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இவர் அப்படி இல்லை. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் கடைவாசலில் வந்து உட்காருவார். ஒரு பிளாஸ்க் நிறைய கஹ்வா என்கிற அரபுக் காப்பி, ஒரு டப்பா பேரீச்சம்பழம். கடைக்கு ஆணி வாங்க வருகிறவனுக்கும் ஒரு சிறு கிண்ணம் கஹ்வா கிடைக்கும். அந்தக் காலத்து ஆட்கள் பலரைப்போல அவருக்கு இந்தி நன்றாக வரும், எனக்கு அரைகுறையாக வரும், இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

ஒரு கோடையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் பழைய நடை போய்விட்டது. காலித்தான் வண்டியில் கொண்டுவந்து கடைவாசலில் உட்காரவைத்துவிட்டு, தானும் பக்கத்திலேயே நிற்பார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில நாளில் பெரியவர் துப்பாக்கியைத் துடைக்க எடுத்துக் கீழே போட்டுவிட்டாராம். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் அது வேண்டாம் என்று காலித் சொன்னார். அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வராது. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் பெரியவரின் முகத்தைப் பார்த்தால் வேறு விதமாகத் தோன்றும். படுத்துச் சுட முடியாது, நின்று சுட முடியாது. உட்கார்ந்து சுடலாமே என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அதற்கென்றே மேசை வைத்திருக்கிறார்களாம்.

"அர்பாப் கேக்குறாக, உன்னால செய்ய முடியுமாண்டு" என்றார் பாய்.

"என்ன மேசை பாய்?"

"துப்பாக்கி வச்சுச் சுடுற மேசை. கழட்டி வண்டில போடுற மாதிரி இருக்கணும். மைதானத்துல மேடு பள்ளமா கெடக்கும், ஆடக் கூடாது."

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். துப்பாக்கியை நான் அதுவரை பாங்க் வாசலில் காவலாளி கையில் பார்த்ததோடு சரி.

விளக்குமாறு

மூன்று கால்தான் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். நாலு கால் மேசைக்குச் சமதரை வேண்டும். மூன்று கால் எங்கே வைத்தாலும் நிற்கும். கால்களுக்குத் தண்ணீர்க் குழாய். குழாயைத் திருகி மாட்டுகிற வட்ட இரும்புப் பாதங்கள் பாயின் கடையிலேயே இருந்தன. அவற்றைப் பலகையின் அடியில் போல்ட் போட்டு முடுக்கினேன். மைதானத்தில் குழாயைத் திருகினால் மேசை, கழற்றினால் ஒரு பலகையும் மூன்று குழாயும்.

பலகைதான் யோசிக்கவைத்தது. சும்மா நீள்சதுரமாக வெட்டினால் சுடுகிறவரின் மார்பு மேசையில் இடிக்கும். ஆகவே ஆள் உள்ளே நுழைந்து உட்கார ஒரு பக்கம் வெட்டிவிட வேண்டும். இன்னொரு பக்கம் பலகை பின்னோக்கி நீள வேண்டும். சுடுகிற கையின் முழங்கை அதன்மேல் ஊன்றி நிற்கும்.

வெள்ளிக்கிழமை லீவில் பட்டறையில் வைத்துத்தான் வேலை. ஜமால் பாயைப் பெயின்ட் டின்மேல் உட்காரவைத்து, கையில் விளக்குமாற்றைக் கொடுத்தேன்.

"எங்க வீட்டுல பாத்தா சிரிச்சே செத்துருவாக" என்று சொல்லிக்கொண்டே அதைத் தூக்கித் தோளில் வைத்தார். வலது தோள். பிறகு நான் வைத்துப் பார்த்தேன், அதுவும் வலது தோள்தான். எந்தத் தோள் என்ற கேள்வியே எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை.

கடைவாசலில் பெரியவரை அளவெடுக்கப் போனேன். தரையிலிருந்து முழங்கைவரை எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டும். டேப்பை நீட்டியதும் அவர் இடது முழங்கையை முன்னால் கொண்டுவந்தார். காலித் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் மரியாதையாகச் சுற்றிப் போய் வலது முழங்கையை அளந்துகொண்டேன்.

அளவெடுத்து முடித்ததும் எனக்குக் கஹ்வா கொடுத்தார். அந்த ஊர் வழக்கப்படி பிளாஸ்க் இடது கையில் இருக்க வேண்டும், கிண்ணத்தை வலது கையால் கொடுக்க வேண்டும். இவர் கிண்ணத்தில் ஊற்றிவிட்டுப் பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். வலது கையால் கிண்ணத்தை நீட்டினார். அந்த வலது முழங்கையை இடது கை தாங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர்களுக்கு ஒன்றைக் கொடுக்கும்போது அப்படித்தான் வலது கையை நீட்டி, இடது கையால் முழங்கையைத் தொட்டுக்கொள்வோம். ஒரு தச்சனுக்கு இவ்வளவு மரியாதை செய்கிறாரே என்று நினைத்தேன். நானும் அதேபோல இரண்டு கையையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

பூச்சுக்கு அடியில்

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும்.

துபாய்க்கு நான் முதலில் வந்தது ஷட்டரிங் தச்சனாக. கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகையடிக்கிற வேலை. சைட்டில் நாளின் முதல் பலகையை எடுத்ததும் காதில் செருகிய பென்சிலால் மூலையில் ஒரு பிள்ளையார் சுழி போடுவேன். போடாவிட்டால் கை ஓடாது. "மேஸ்திரி கணக்கு எழுத ஆரம்பிச்சுட்டாரு" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள்.

கான்கிரீட் காய்ந்து பலகையைப் பிரிக்கும்போது சில சமயம் அந்தச் சுழி மங்கலாகச் சுவரில் ஒட்டியிருக்கும். அதன்மேல் பூச்சு வரும், பெயின்ட் வரும். அந்த ஊரில் எத்தனை சுவர்களுக்குள்ளே என் பென்சில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. யாருக்கும் அது தெரியப் போவதில்லை என்பதால் அதைப்பற்றி நான் கவலைப்பட்டதும் இல்லை.

அர்பாப் மேசைக்கும் போட்டேன். பலகையின் அடிப்பக்கத்தில், மேல்மூலையில். மேல்பக்கத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, போல்ட் தலைகள் வெளியே தெரியாமல் மரத்துக்குள் இறக்கினேன். அடிப்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன். சத்வா தையல்காரர் ஒருவர் பழைய ஜீன்ஸ் காலை வெட்டி இரண்டு பைகள் தைத்துத் தந்தார். சலித்த மணலை நிரப்பினோம். எல்லாம் ஒழுங்காக இருந்தது.

மறுபடி மைதானம்

"முத்து" என்று பெரியவர் கூப்பிட்டார்.

போய்க் குனிந்தேன். மகனுக்குக் கேட்காத குரலில் இந்தியில் பேசினார்.

"இந்தக் கையில் பலமே இல்லை" என்றார். மடியில் கிடந்த வலது கையைக் கண்ணால் காட்டினார். "விரல் என் பேச்சைக் கேட்காது. பல நாளாக அறையில் உட்கார்ந்து இடது கையில் பழகிவைத்திருக்கிறேன்."

நான் மேசையைப் பார்த்தேன். பலகை வலது பக்கம் பின்னோக்கி நீண்டிருந்தது. இடது தோளில் வைத்துச் சுட வேண்டுமென்றால் அவர் உட்கார வேண்டிய இடத்தில் அந்தப் பலகைதான் மார்பில் இடித்துக்கொண்டிருந்தது. அவருடைய இடது முழங்கை ஊன்ற வேண்டிய இடத்தில் பலகையே இல்லை, நான் வெட்டி எறிந்திருந்தேன்.

"காலித் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை" என்றார். "சொன்னால் அன்றைக்கே துப்பாக்கி போயிருக்கும். அதனால் கஹ்வா கொடுக்கும்போதெல்லாம் உனக்குக் காட்டினேன். நீ பார்த்துவிட்டாய் என்று நினைத்தேன்."

வெயில் அவ்வளவாக இல்லை. எனக்கு மட்டும் முதுகெல்லாம் வியர்த்தது.

"எங்கள் ஊரில் பெரியவர்களுக்கு அப்படித்தான் கொடுப்போம், அர்பாப்" என்றேன். இந்தி தடுமாறியது. "இடது கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டு. நீங்கள் எனக்கு மரியாதை செய்வதாக நினைத்தேன்."

கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"மரியாதையா?" என்றார். தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மரியாதை" என்று தனக்குள் மறுபடி சொல்லிக்கொண்டார்.

காலித் அருகே வந்துவிட்டார். அப்பா தகட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததே, அவரால் சுட முடியாது என்று காலித் முடிவுகட்டப் போதுமாக இருந்தது. "கலாஸ், போதும் வாப்பா. வீட்டுக்குப் போகலாம்" என்று அவர் அரபியில் சொன்னதாகப் பாய் பிறகு சொன்னார். அந்தக் குரலில் வெற்றி ஒன்றும் இல்லை. அழுதுவிடுவார்போல இருந்தது.

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. போல்ட்கள் பலகையை முழுசாகத் துளைத்துத்தான் போகின்றன. பாதங்களைக் கழற்றி, பலகையைக் குப்புறப் போட்டு, அதே துளைகளில் மறுபக்கம் மாட்டினால் வலது இடதாகிவிடும்.

"பாய், காலித்தைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க" என்றேன். "பலகையப் பிடிங்க."

துப்பாக்கியைக் காலித் எடுத்துக்கொண்டார். நானும் பாயும் மண்ணில் மண்டியிட்டு எல்லாவற்றையும் கழற்றினோம். பெரியவரின் நண்பர்கள் கம்பளத்தில் உட்கார்ந்தபடி பார்த்தார்கள். பலகையைத் திருப்பி, கால்களை மாட்டி நிமிர்த்தினோம்.

வார்னிஷ் அடித்த முகம் தரையைப் பார்த்தது. மேலே பூச்சில்லாத வெறும் பலகை. அறுப்பதற்குப் போட்ட பென்சில் கோடுகள், அங்கங்கே வழிந்து காய்ந்த பசை, வெளியே நீட்டிக்கொண்டிருந்த போல்ட் தலைகள். மூலையில், பெரியவருக்கு நேர் எதிரே, கொட்டையாக ஒரு பிள்ளையார் சுழி.

ஜமால் பாயின் முகம் வெளுத்தது. "முத்து, என்னா வேலை பாத்து வச்சிருக்க?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

பெரியவர் ஐந்து வேளை தொழுகிறவர். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான். எச்சில் தொட்டு அழிக்கலாமா என்று கட்டைவிரலைக் கொண்டுபோனேன். அதற்குள் பெரியவர் பார்த்துவிட்டார். அது என்ன என்று கேட்டார்.

பொய் சொல்ல நேரம் இல்லை. "வேலை தொடங்கும்போது எழுதுவது, அர்பாப். நல்லபடியாக முடிய வேண்டுமென்று கடவுளை நினைத்து எழுதுவது."

பாய் அதை அரபியில் கொஞ்சம் நீட்டியே சொன்னார். நடுவில் பிஸ்மில்லா என்ற வார்த்தை எனக்குக் கேட்டது.

"அச்சா" என்றார் பெரியவர். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, மடித்து, முழங்கை படுகிற இடத்திலிருந்த போல்ட் தலைமேல் போட்டுக்கொண்டார். சுழி இருந்த மூலையை அப்படியே விட்டார். காலித் துப்பாக்கியைப் பைகள்மேல் வைத்து, குண்டு போட்டுக் கொடுத்துவிட்டு, அப்பாவின் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் இடது முழங்கையை ஊன்றினார். துப்பாக்கியின் கட்டையைத் தோளில் பொருத்தினார். பிஸ்மில்லா என்று எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார்.

துப்பாக்கிச் சத்தத்தைப் பக்கத்திலிருந்து கேட்டது அதுதான் எனக்கு முதல்முறை. காது அடைத்துவிட்டது. அதனால் தகட்டின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கம்பளத்தில் இருந்தவர்கள் மெதுவாகத் தலையாட்டுவதைப் பார்த்துத்தான் பட்டுவிட்டது என்று தெரிந்தது.

காலித் துப்பாக்கியைத் தானே துடைத்து, துணியில் சுற்றி, வண்டியில் வைத்தார். அது வீட்டுக்குத்தான் போனது.

திருப்பிப் போட்டது

அந்தக் குளிர்காலமும் அடுத்த குளிர்காலமும் அவர் மைதானத்துக்குப் போய்வந்தார். பலகைக்கு மேல்பக்கமும் வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சுழியை அழிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது எனக்கு. வேண்டாம், இருக்கட்டும் என்றுவிட்டார்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மாதத்தில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். ஜமால் பாய் கடையை மூடிவிட்டு வந்து சொன்னார். அன்று பட்டறையில் எந்தப் பலகையிலும் எனக்குக் கை ஓடவில்லை.

துக்கம் கேட்க இரண்டு பேரும் போனோம். காலித் எங்களைக் கூடத்திலிருந்து உள்ளே ஒரு சிறிய அறைக்கு அழைத்துப் போனார். ஜன்னலோரம் என் மேசை நின்றது. பக்கத்தில் பூட்டிய அலமாரி. துப்பாக்கியைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். பிறகு ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினார்.

"நான் வலது கைக்காரன்" என்றார். "திருப்பித் தருவாயா?"

பலகையைக் கழற்றினோம். பெரியவர் முழங்கை ஊன்றிய இடம் எண்ணெய் ஏறி வழுவழுப்பாக இருந்தது. மூலையில் சுழி கிட்டத்தட்ட அழிந்து, பென்சிலின் பள்ளம் மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது.

"அழிஞ்சு போச்சே முத்து" என்றார் ஜமால் பாய், தாழ்ந்த குரலில். "திருப்பி எழுதலையா?"

"ஒரு வேலைக்கு ஒரு தடவைதான் பாய்."

பலகையைத் திருப்பிப் போட்டு முடுக்கினேன். வார்னிஷ் முகம் மேலே வந்தது. காலித் அதன்மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை.

கூடத்துக்கு வந்து உட்கார்ந்தோம். காலித் கஹ்வா பிளாஸ்க்கை எடுத்து எனக்கு ஊற்றினார். ஊற்றிவிட்டு, அதைக் கையிலேயே வைத்துக்கொள்ளாமல் கீழே வைத்தார். வலது கையால் கிண்ணத்தை நீட்டினார். இடது கை வலது முழங்கையின் கீழே இருந்தது.

இந்தத் தடவை கேட்டுவிட வேண்டும் என்று கேட்டேன். "கையில் ஏதாவது வலியா?"

"இல்லை" என்றார் காலித். "உங்கள் ஊரில் பெரியவர்களுக்கு இப்படித்தான் கொடுப்பார்களாமே. வாப்பா சொன்னார்."